பெரிய வெள்ளிக்கிழமையில் வறுத்த லார்

சேசு மரி சூசை

ஒதியம்பட்டு,
1936 ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் ஆரோக்கியத்துக்கு உன் அப்பன் மரியதாஸ் எழுதிக்கொள்வது. வில்லியனூர் மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா மூட்டுவலியோடு வழக்கம்போல் இருக்கிறாள், உன் மகள் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறாள். நீ சைகோனில் சுகமாக இருப்பதாகப் பாகூர் நாகராஜன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எனக்கும் அதுதான் பழக்கம், ஆனால் இந்த முறை அந்த வரிசையில் உன் பெண்சாதி பேரை எழுதக் கை வரவில்லை. காசம்மாள் சுகமாக இல்லையப்பா. சாப்பாட்டை விட்டுவிட்டாள். கன்னம் ஒட்டி, கழுத்தில் எலும்பு தெரிகிறது, கல்யாணத்துக்குப் போட்ட வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. இதை நான் உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன்.

இது உனக்கு நான் எழுதும் நாலாவது கடிதம். கார்த்திகையில் நீ போட்ட கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிப்ரவரி மூன்றாந்தேதி பெண்குழந்தை பிறந்தது, லூர்துமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தோம் என்று எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. பிரசவம் நல்லபடியாகத்தான் ஆயிற்று. முதல் மாதம் காசம்மாள் உன் அம்மா கொடுத்த பத்தியச் சோற்றை முகம் சுளித்தாலும் சாப்பிட்டாள், குழந்தைக்கும் பால் இருந்தது. மார்ச்சு முதல் வாரம் நாகராஜன் லீவில் வந்தான். உன் கூடப் பட்டாளத்தில் இருக்கிறவன், நீ கொடுத்தனுப்பிய பட்டுத் துணியையும் ஒரு பிஸ்கத்து டப்பாவையும் கொண்டுவந்து கொடுத்தான். காசம்மாள் அந்தத் துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள், துணியைப் பார்க்கவில்லை, உள்ளே கடுதாசி இருக்கிறதா என்று பார்த்தாள். டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்தாள். உன் அம்மா அவனிடம், ஏம்பா, எம்மவன் வேளாவேளைக்குத் துன்றானா, பாரக்குல சோறு எப்பிடி போடறாங்க என்று கேட்டாள். அவன், அவரு நல்லா சதை போட்டுட்டாரும்மா, அவரு இப்ப பாரக்குல இல்லியே, வெளியில வூடு எடுத்துக்கினு இருக்காரு என்று சொன்னான். சொல்லிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்திருந்த காசம்மாளைப் பார்த்தான், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். ஆரோக்கியம், அவன் குனியாமல் இருந்திருந்தால் நாங்கள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம். பட்டாளத்துக்காரன் கொட்டடியை விட்டுத் தனியாக எதற்கு வீடு எடுப்பான் என்று நான் அவனைக் கேட்கவில்லை, உன் அம்மா கேட்கவில்லை, காசம்மாளும் கேட்கவில்லை. அவன் தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டான். அன்று மத்தியானம் தட்டில் போட்ட சோற்றை அவள் அளைந்துகொண்டே இருந்தாள். அன்றிலிருந்து பிடித்ததுதான் இது.

முதலில் பசியில்லை என்றாள், பிறகு வயிறு சரியில்லை என்றாள், பிறகு காரணமும் சொல்லவில்லை. உன் அம்மா பூண்டுக் குழம்பு வைத்தாள், கருவாடு சுட்டுக் கொடுத்தாள், பால் ஊறும் என்று மணப்பட்டுக்கு ஆள் அனுப்பிப் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்தாள். எல்லாவற்றிலும் விரல் நுனியால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிடுவாள். நாலைந்து நாள் இப்படிப் போன பிறகு, ஒரு காலையில் நான் கோயில் சாமியார் வீட்டுக் குசினிக்குச் சமைக்கக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். மாமா, ஒரு வாய் லார் சோறு ஆக்கித் தர்றீங்களா, அது துன்னா எறங்கும்போல இருக்குது என்றாள். வாயைத் திறந்து அவள் கேட்டது அது ஒன்றுதான். இந்த வீட்டுக்கு வந்த நாளாக என்னிடம் அவள் கேட்டதே அது ஒன்றுதான் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். கல்யாணம் முடிந்து நீ இங்கே இருந்த ஏழு மாதமும், தபசு காலம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ செய்த சமையல் அது. சாமியாருக்காக மார்கழிக் குளிரில் நான் பன்றியின் வயிற்றுப் பாளத்தை உப்பும் மிளகும் கிராம்பும் தேய்த்துக் கல் வைத்து அழுத்தி, தேங்காய் மட்டைப் புகையில் தொங்கவிட்டு எடுப்பேன் அல்லவா, அந்த லாரில் ஓரத்துத் துண்டும் தோலும் அவருக்கு ஆகாது என்று எனக்குக் கொடுத்துவிடுவார். அதை நீ பழைய சோற்றோடு போட்டு வறுத்து வீடு முழுக்க பன்றிநெய் நாற்றமும் புகை நாற்றமுமாக ஆக்கிவைப்பாய். நான் இருபத்திரண்டு வருஷம் பரங்கிக் குசினியில் நின்றவன், நீ ஒருநாள் சட்டி கழுவக்கூட வராதவன், ஆனால் அதில் மட்டும் உன் கை என் கையை ஜெயித்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. நீயும் காசம்மாளும் அந்த நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். நீ சோற்றின் நடுவில் விரலால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பங்கு பிரிப்பாய். பிறகு அவள் பார்க்காதபோது உன் பக்கத்து லார்த் துண்டை எல்லாம் கோடு தாண்டி அவள் பக்கம் தள்ளிவிடுவாய். நான் கண்டும் காணாததுபோல் வெளியே போய்விடுவேன். அந்தச் சாப்பாட்டைத்தான் அவள் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. நாற்பது நாள் தபசு காலத்தில் என்ன கேள்வி இது, விபூதித் திருநாள் முதல் பாஸ்கு வரைக்கும் நம் வீட்டுச் சட்டியில் மாமிசக் கொழுப்பு பட்டதுண்டா, சாமியார் வீட்டுக் குசினிக்காரன் வீட்டிலேயே இப்படி என்றால் ஊர் என்ன சொல்லும், ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்கு வரட்டும் ஆக்கித் தருகிறேன் என்றேன். உன் அம்மா உள்ளேயிருந்து, பத்தியத்துக்குப் பன்னிக்கறி ஆவுமா, கொழந்தைக்கு மாந்தம் வரும் என்று தன் பங்குக்குச் சொன்னாள். காசம்மாள் சரி மாமா என்றாள். திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு அடக்கமான பெண், சொன்னதும் கேட்டுக்கொண்டாளே என்று நான் வழியெல்லாம் மெச்சிக்கொண்டு போனேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. அதற்குப் பிறகு அவள் எதையுமே கேட்கவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாள். மூன்றாவது வாரம் பால் நின்றுவிட்டது. குழந்தை மார்பில் வாயை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழும், காசம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். இப்போது ஆட்டுப்பால்தான், உன் அம்மா சங்கில் ஊற்றிக் கொடுக்கிறாள். பாதி உள்ளே போகிறது, பாதி கழுத்தில் வழிகிறது. நான் அந்த நாலு வாரமும் பாஸ்கு எப்போது வரும் என்று நாளை எண்ணிக்கொண்டு இருந்தேன், தினமும் குசினியில் துணி சுற்றித் தொங்கிய அந்த லாரின் அடியில்தான் நின்று சமைத்தேன், கையை நீட்டினால் எட்டும் உயரம்.

பெரிய வியாழக்கிழமை சாமியார் சாப்பிட உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், வாய் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். நோயாளிக்கும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளுக்கும் ஒருசந்தியும் இல்லை, சுத்தபோசனமும் இல்லை, அவர்கள் மாமிசம் சாப்பிட்டால் பாவமே இல்லை என்று வருஷா வருஷம் தபசு காலத்துக்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் நான் படிக்கிறேனே, மரியதாஸ், நீர் என் பிரசங்கத்தை ஒருநாளாவது கேட்டதுண்டா என்றார். நான் இல்லை சாமி என்றேன். உண்மைதானே. பூசை முடிகிற வரைக்கும் அவர் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார், முடிந்து வந்து உட்காரும்போது காப்பியும் ரொட்டியும் சூடாக இருக்க வேண்டும், அதனால் அவர் பிரசங்கத்துக்கு ஏறும்போது நான் பக்கக் கதவு வழியாக இறங்கிக் குசினிக்கு ஓடிவிடுவேன். அடுப்பு பற்றவைத்துப் பால் பொங்கியதும் திரும்பி வந்து, அவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு முழங்காலில் நிற்பேன். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான். சட்டங்களில் கண்டிப்பான பாதியை மட்டும் ஊரார் வாயால் கேட்டு வைத்துக்கொண்டு, விலக்குச் சொன்ன பாதியை நான் கேட்டதே இல்லை. ஊரிலேயே கோயிலுக்குக் கிட்ட இருந்தவன் நான்தான், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் எனக்குத்தான் தெரியவில்லை. இதைச் சொன்னதும் அவர், அப்படியானால் இதில் என் காப்பிக்கும் பங்கு உண்டு என்றார். பிறகு தானே எழுந்து வந்து கொக்கியிலிருந்து லாரை இறக்கி முழுப் பாளத்தையும் என் கையில் கொடுத்து, இன்றைக்கே போய்ச் செய்யும் என்றார்.

இன்றைக்கே என்று அவர் சொன்னார், நான் அன்றைக்குச் செய்யவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்துவிட்டேன். ஆண்டவர் பாடுபட்ட நாள் விடியப் போகிறது, இன்னும் இரண்டே நாள் பொறுத்தால் பாஸ்கு, இத்தனை நாள் பொறுத்தாயிற்று என்று மனசு சொல்லிற்று, பழகின கை வரமாட்டேன் என்றது. மறுநாள் காலை குழந்தையைக் கழுவ எழுந்த காசம்மாள் கிணற்றடிக்குப் போகும் முன்பே கண் இருட்டி விழுந்துவிட்டாள். நல்லவேளை குழந்தை உன் அம்மா கையில் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். ஆரோக்கியம், காய்ந்த விறகுக் கட்டைத் தூக்குவதுபோல் இருந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், மணி அடிக்காமல் கட்டை தட்டி ஊரைச் சிலுவைப் பாதைக்குக் கூப்பிடுகிற நேரம், நான் அடுப்பை மூட்டினேன். பத்தியம் பத்தியம் என்ற உன் அம்மா தானாக வந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள், அழுதது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

நீ செய்கிற மாதிரியே செய்யப் பார்த்தேன். லாரை மெல்லியதாக அரிந்து உப்பு போகத் தண்ணீரில் போட்டு எடுத்தேன், எண்ணெய் விடாமல் ஆறின இருப்புச்சட்டியில் அடுக்கிச் சின்னத் தீயில் வைத்தேன். கொழுப்பு மெல்ல உருகிச் சட்டி நிறைந்து, துண்டுகள் ஓரம் சுருண்டு சிவந்து வந்தன. தோலைத் தனியாக மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கி வைத்தேன். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு, கீறின பச்சைமிளகாய் போட்டு, பழைய சோற்றை நீர் போகப் பிழிந்து போட்டு, அடியில் லேசாகப் பிடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டுப் புரட்டினேன். வாசனை எழுந்தது பார், பட்டினி கிடக்கிற ஊரில், அத்தனை வீடும் ஒருசந்தி இருக்கிற நாளில், தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அடித்தது. சிலுவைப் பாதைக்குப் போன சனம் நம் வாசலில் நின்றுவிட்டது. கோயில்பிள்ளை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சாமியார் வூட்டு உப்பத் துன்னுட்டு பெரிய வெள்ளிக்கெயமை அதுவுமா இன்னாய்யா பண்றீங்க என்று கேட்டான். நான் கரண்டியோடு வெளியே வந்து, எம் மருமவளுக்கு மருந்து காய்ச்சறேன், போயி சாமியாரையே கேளுங்க என்றேன். யாரோ ஒரு பெண்பிள்ளை துப்பிவிட்டுப் போனாள். உன் அம்மா கதவைச் சாத்தவில்லை, தெறந்தே இருக்கட்டும், துப்பனவளுக்கும் வாசன போவட்டும் என்றாள்.

நீலக்கரைத் தட்டில் போட்டு, நொறுக்கின தோலை மேலே தூவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசம்மாள் வாசனைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாமா, இன்னிக்கி வெள்ளிக்கெயமையாச்சே என்றாள். சாமியார் சொல்லிட்டாரும்மா, நீ துன்னு என்றேன். அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா. சோற்றின் நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். கிழித்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு பருக்கை கீழே விழாமல், நிதானமாக, மென்று மென்று சாப்பிட்டாள். ஐந்து வாரத்தில் நான் பார்த்த முதல் சாப்பாடு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை எழுத என்ன வெட்கம். கோடு வரைக்கும் வந்தாள், நிறுத்திவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டாள். இன்னும் துன்னும்மா என்றேன். மீதி அவரோடது மாமா என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், கோபமில்லை, அழுகையில்லை, நீ கொல்லைக்குப் போயிருக்கிறாய், இதோ வந்துவிடுவாய் என்பதுபோலச் சொன்னாள்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. பாஸ்குத் திருநாளுக்கும் அதுதான் சமையல், நேற்றும் அதுதான், இன்றைக்கும் அதுதான். வேறு எதைக் கொடுத்தாலும் தொடுவதில்லை, இதில் மட்டும் பாதி. நான் ஒரு தந்திரம் செய்து இரண்டு ஆள் சோற்றைத் தட்டில் குவித்துப் பார்த்தேன், அவள் முதலிலேயே அள்ளிப் பானையில் திருப்பிப் போட்டுவிட்டு, பழைய அளவை வைத்துக்கொண்டு கோடு கிழித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தை பக்கம் திரும்பினபோது, நீ செய்வாயே அதேபோல் அந்தப் பக்கத்து லார்த் துண்டுகளைக் கோடு தாண்டி அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபடியும் அந்தப் பக்கமே வைத்தாள். கிழவன் கையைக் கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும். மீதியைச் சாயங்காலம் வரைக்கும் மூடி வைக்கிறாள், பிறகு நான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிறேன். சாமியாரிடம் சொன்னேன், பாதி வயிற்றுச் சோறு உயிரைப் பிடித்துவைக்கும், பாலைக் கொடுக்காது என்றார். உயிரையும் எத்தனை நாளைக்குப் பிடித்துவைக்கும் என்று அவர் சொல்லவில்லை. லார்ப் பாளமும் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வருகிறது, வெயில் காலத்தில் புதிதாகப் போட முடியாது, வைகாசி வந்துவிட்டால் உப்பு பிடிக்கும் முன்னே நாற்றம் பிடித்துவிடும். கையில் இருப்பது இன்னும் ஒரு மாதத்துக்கு வந்தால் அதிகம்.

மகனே, நீ அங்கே யாரோடு இருக்கிறாய் என்று நான் விசாரிக்கவில்லை. ஒருவேளை நாகராஜன் வெறுமனே தலைகுனிந்தானோ, ஒருவேளை நீயும் இன்னும் இரண்டு பட்டாளத்துக்காரருமாகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறீர்களோ, எதுவாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். அப்படி இல்லை என்றாலும் உன்னைச் சபிக்க எனக்கு மனசு வராது, நான் வளர்த்த பிள்ளை நீ. ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே. கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொல்லி ஒரு முறை நான் தப்புச் செய்தேன், அதையாவது வாயைத் திறந்து சொன்னேன், நீ அதுவும் செய்யாமல் இருக்கிறாய். எனக்கு எழுத வேண்டாம், அவள் பேருக்கு எழுது, கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள், உன் எழுத்தை அவளே வாசிப்பாள். வெள்ளிக்கிழமை கப்பலில் இந்தக் கடிதம் ஏறினால் உன் கைக்கு வர இருபது நாள், உன் பதில் கப்பலில் வர இன்னொரு இருபது நாள், அவ்வளவு நாளுக்கு இங்கே லார் இல்லை, அவள் உடம்பிலும் தெம்பு இல்லை. ஆகையால் கடிதம் கிடைத்த அன்றைக்கே தந்தி அடி. ஒரே சொல் போதும். வருகிறேன் என்று அடித்தால் அதை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன், நீ வந்து உன் பங்கைத் தின்னும் வரைக்கும் அவள் உயிரோடு காத்திருப்பாள், எனக்குத் தெரியும். வரமாட்டேன் என்றால் அதையும் அடித்துவிடு, தயவுசெய்து அடித்துவிடு. மீதிப் பாதியும் உன்னுடையதுதானம்மா, சாப்பிடு என்று நான் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

உன் அம்மா சவரியம்மாளும் நானும் உனக்கு ஆசீர்வாதம் சொல்கிறோம். வில்லியனூர் மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். மழையில் நனையாதே, உன் மகளுக்கு உன் நெற்றிதான். தந்தி ஆபீசு ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், அதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பன்,
மரியதாஸ்